நான்கு கிக் இருந்தும் அடி இறங்கவில்லை – கடிதம்

அன்புள்ள ஐயா,

உறுமியையும் எலக்ட்ரானிக் தாளத்தையும் சேர்த்து ஒரு பாட்டு செய்துகொண்டிருக்கிறேன். 128 பிபிஎம் (நிமிடத்துக்கு 128 அடி), ஜி மைனர். 808 கிக், 909 கிக் (இரண்டும் ரோலண்ட் தாள இயந்திரங்களின் அடிமுரசு ஒலி), காசு கொடுத்து வாங்கிய இன்னும் இரண்டு சாம்பிள் என நான்கு கிக்கை அடுக்கியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரஸர் உண்டு, அது அமுக்கத் தொடங்க எடுக்கும் அட்டாக் நேரம் 1 மில்லிவினாடி. அப்படியும் என் அறையில் அடி மெலிந்தே கேட்டதால் 60 ஹெர்ட்ஸில் 9 டெசிபல் ஏற்றினேன். நண்பரின் காரில் போட்டால் ஒரே இரைச்சல், போனில் கிக்கையே காணோம். எல்லாம் சேரும் மாஸ்டரில் ஒலியின் உச்சத்தைத் தடுக்கும் லிமிட்டர் 8 டெசிபல் அமுக்குகிறது. உறுமியின் இரண்டு முகத்துக்கும் மைக் வைத்துப் பதிந்தோம், அதுவும் சப்பையாக இருக்கிறது. தைப்பூசத்தில் நேரில் கேட்கும்போது நெஞ்சை உலுக்குகிறதே! வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு அறைதான், 3 மீட்டருக்கு 3 மீட்டர், மேசை நட்டநடுவில். என்ன பிளக்இன் (ஒலி மென்பொருள்) வாங்கலாம்?

வாசகர், யீஷூன், சிங்கப்பூர்

*

அன்புள்ள நண்பருக்கு,

எதுவும் வாங்க வேண்டாம். நீங்கள் எழுதிய எண்களிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் அறை. 3 மீட்டர் தள்ளி எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 57 ஹெர்ட்ஸ் அலை நிலைகொண்டுவிடும். ஒலியின் வேகமான 343ஐ 6ஆல் வகுத்தால் வருவது அது. சுவரோரத்தில் அதன் அழுத்தம் உச்சத்தில் இருக்கும், அறையின் நடுவில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்காது. உங்கள் அறை சதுரம் என்பதால் நீளம், அகலம் இரண்டும் ஒரே 57இல் வந்து நிற்கின்றன. போதாததற்குச் சுவர்கள் கான்கிரீட், தாழ்ந்த ஒலியை வெளியே விடாமல் அப்படியே திருப்பி அனுப்பும். கிக் உயிர்வாழ்கிற இடத்தில் உங்கள் காது இருப்பது ஒரு பள்ளத்தில். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 9 டெசிபல் ஏற்றினீர்கள். காரில் பள்ளம் இல்லை, 9 டெசிபல் மட்டும் இருக்கிறது.

அதை உடனே எடுத்துவிடுங்கள். பிறகு நாற்காலியை முன்சுவரிலிருந்து 1.1 மீட்டர் தூரத்துக்கு நகர்த்துங்கள். 30 முதல் 120 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு சைன் அலையை ஒரே அளவில் ஓடவிட்டு, எங்கே ஒலி விழுகிறது, எங்கே வீங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சுவரில் ஒட்டும் 5 சென்டிமீட்டர் ஸ்பாஞ்சு இந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. மூலைகளில் 15, 20 சென்டிமீட்டர் கனத்துக்கு ராக்வூல் நிறுத்தினால் கொஞ்சம் அடங்கும். இடமில்லாவிட்டால் அடித்தளத்தை, அதாவது தாழ்ந்த ஒலிகளை, நல்ல ஹெட்ஃபோனில் மட்டும் முடிவு செய்யுங்கள். இரவு 10.30க்கு மேல் கீழ்வீட்டுக்காரரும் வாழ்த்துவார்.

அடுத்து, அந்த நான்கு கிக். அடுக்க அடுக்க பலம் கூடும் என்பது பரவலான நம்பிக்கை. தாழ்ந்த ஒலியில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. ஜி மைனருக்கான கிக்கின் அடிச்சுருதி 49 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 20 மில்லிவினாடி. ஒரு கிக் இன்னொன்றைவிட 10 மில்லிவினாடி பிந்தினால் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே போகும், இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். சுருதி வேறானால் கதை இன்னும் மோசம். 49இல் ஒன்று, 54இல் ஒன்று என்று வையுங்கள். சேர்ந்தே புறப்பட்டாலும் 100 மில்லிவினாடியில் எதிரெதிராகிவிடும். அடி நன்றாகத் தொடங்கி நடுவில் குழிவிழுந்தது போல் கேட்பது இதனால்தான்.

இரண்டே கிக் வைத்துக்கொள்ளுங்கள். ரோலண்ட் 1980இல் வெளியிட்ட 808இன் கிக்குக்கு நீண்ட வால் உண்டு, நிதானமான பாட்டில் அழகு. 128 பிபிஎம்மில் அடிக்கு அடி 469 மில்லிவினாடிதான் இடைவெளி, அந்த வால் பேஸ் கருவியின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். 1983இல் வந்த 909 குறுகலானது, நெற்றியில் அறைவது. உங்கள் பாட்டுக்கு அதை அடித்தளமாக வையுங்கள். அதன் சுருதியை 49க்குக் கொண்டுவந்து, வாலை 250 மில்லிவினாடிக்குள் முடியுங்கள். மற்ற மூன்றில் ‘டிக்’ என்ற நுனி நன்றாக இருப்பது எதுவோ அதை 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழே முழுதாக வெட்டி மேலே வையுங்கள். அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து இரண்டும் ஒரே கணத்தில் புறப்படும்படி நகர்த்துங்கள். ஒன்றின் பொலாரிட்டியை, அதாவது அலையின் மேல்கீழை, திருப்பியும் கேளுங்கள், எது கனமாக இருக்கிறதோ அதுவே சரி. இடம் வலம் பிரிக்காமல் மோனோவில், குறைந்த சத்தத்தில் செய்ய வேண்டிய வேலை இது. 30 ஹெர்ட்ஸில் செங்குத்தாக வெட்டும் ஃபில்டரை கிக்கில் போட வேண்டாம். அது அலையின் ஃபேஸை (நேர வரிசையை) சுழற்றி அடியின் முனையை மழுக்கிவிடும்.

கம்ப்ரஸரில் 1 மில்லிவினாடி அட்டாக் என்றால் அடியின் முதல் நுனியையே அது கவ்விக்கொள்கிறது. நாம் அடி என்று உணர்வதே அந்த நுனியைத்தான். அட்டாக்கை 25, 30க்குக் கொண்டுபோங்கள். ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 4:1, அமுக்கம் 3 டெசிபல், ரிலீஸ் (அமுக்கியதை விடும் நேரம்) 80 முதல் 100 மில்லிவினாடி. ரிலீஸை 20க்குக் கீழே இறக்கினால் கம்ப்ரஸர் ஒலியின் அளவை விட்டுவிட்டு அலையின் ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் துரத்தும், கரகரப்பு வரும்.

போன் ஸ்பீக்கரால் 49 ஹெர்ட்ஸைத் தரவே முடியாது. ஆனால் 98, 147, 196 என்று அதன் மடங்குகள் இருந்தால், இல்லாத 49ஐக் காது தானே கேட்டுக்கொள்ளும். கிக்கின் நகல் ஒன்றை எடுத்து, அந்த மடங்குகளைச் சேர்க்கும் சாச்சுரேஷன் நன்றாக ஏற்றி, 90க்குக் கீழே வெட்டி, மூலத்தைவிட 12 டெசிபல் தாழ்த்திக் கலந்துவிடுங்கள். கிக் விழும்போதெல்லாம் பேஸ் தாழும்படி சைட்செயின் செய்து அதை 4, 5 டெசிபல் ஒதுங்க வையுங்கள், 16ஆம் பகுதி (கால் அடி) ஒன்றின் நேரத்துக்குள், அதாவது 117 மில்லிவினாடிக்குள், அது திரும்பிவிட வேண்டும்.

இனி உறுமி. நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதன் ஒரு முகத்தை அடிப்பார்கள், மற்றதைத் தேய்ப்பார்கள். குச்சி அடிக்கும் முகத்தில் விழும்போது தோல் அந்தப் பக்க மைக்கை விட்டு உள்ளே போகிறது. உள்ளே அடைபட்ட காற்று எதிர்முகத்தை வெளியே, அதன் மைக்கை நோக்கித் தள்ளுகிறது. ஒரு மைக் இழுவையையும் மற்றது தள்ளலையும் பதிகின்றன. இரண்டையும் சேர்த்தால் அடித்தளம் அழிந்து தோலின் சலசலப்பு மட்டும் மிஞ்சும். தேய்க்கும் முகத்தின் டிராக்கில் பொலாரிட்டியைத் திருப்புங்கள், அநேகமாக உங்கள் சப்பைக்கு மருந்து அதுதான். தவில், மிருதங்கம் என எந்த இருமுக வாத்தியத்துக்கும் இது பொருந்தும்.

நம் ஊர் ஈரக்காற்றில் தோல் தளர்ந்திருக்கும். ஏர்கான் அறையில் காய்ந்து இறுகி, சுருதி மெல்ல ஏறும். முதல் பதிவும் ஒரு மணி நேரம் கழித்து எடுத்த பதிவும் ஒட்டாமல் போவதற்கு வாசிப்பவரைக் குறை சொல்ல வேண்டாம். வாத்தியத்தை அரைமணி நேரம் அறைக்குள் வைத்த பிறகு பதியுங்கள். தேய்ப்பில் எழும் அந்த முனகல் வழுக்கிக்கொண்டே போவதால் ஈக்வலைசரில் ஓர் இடத்தை வெட்டிப் பயனில்லை. கிக் விழும் கணத்தில் மட்டும் 3 டெசிபல் தாழட்டும்.

தைப்பூசத்தில் நீங்கள் கேட்பது ஓர் உறுமியை அல்ல, ஒரு குழுவை. பலர் ஒரே அடியை இம்மியளவு முன்பின்னாகப் போடுவதில்தான் அந்த அகலம் வருகிறது. ஒரே பதிவை நகலெடுத்துத் தள்ளிவைத்தால் அது வராது. ஒருவரையே ஐந்து முறை வாசிக்கச் சொல்லுங்கள். ஒன்றை நடுவில் முழுதாக வையுங்கள், மற்ற நான்கை 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி இடமும் வலமும் விரியுங்கள்.

இவ்வளவும் செய்தபின் லிமிட்டர் 2, 3 டெசிபலுக்கு மேல் உழைக்கக் கூடாது. அதற்கு முன்னால் தாளங்கள் ஒன்றுசேரும் பஸ்ஸில் (கூட்டு டிராக்கில்) ஒரு கிளிப்பர் 2 டெசிபல் முனையைச் சீவட்டும். 8 டெசிபல் அமுக்கி வாங்கிய சத்தம் ஸ்பாட்டிஃபையில் எப்படியும் நிற்காது, அது வழக்கமாக -14 எல்யுஎஃப்எஸ் (சராசரிச் சத்தத்தின் அளவு) என்ற மட்டத்துக்கு இறக்கிவிடும். அங்கே மிஞ்சுவது தட்டையான அடி மட்டும்.

மறுபடி எழுதினால் பாட்டு முழுவதையும் அனுப்ப வேண்டாம். உறுமியின் இரண்டு மைக் டிராக்கையும் எந்த எஃபெக்டும் இல்லாமல் தனித்தனியாக அனுப்புங்கள்.