மகனுக்கு ஜைனுல் ஆபிதீன் என்று பெயர் வைக்கப்போகிறோம். அதன் பொருள் என்ன? ஜைனுதீனும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இரண்டும் 'தீன்' என்று முடிவதால் வரும் குழப்பம் இது. ஜைனுதீனில் இருக்கும் தீன், மார்க்கம். மார்க்கத்தின் அழகு என்று பொருள். பிரெஞ்சுக் கால்பந்து வீரர் ஜினெடின் ஜிடானின் பெயர் அதுதான். ஜைனுல் ஆபிதீனில் அந்தத் தீனே கிடையாது. ஆபித் என்றால் வணக்கசாலி, ஆபிதீன் என்றால் வணக்கசாலிகள். நம் வீடுகளில் வணக்கத்தை இபாதத் என்கிறோமே, அதே வேர். ஜைன் என்றால் அழகு, அணிகலன். ஆக, 'வணக்கசாலிகளின் அணிகலன்'.

முதலில் இது பெற்றோர் வைத்த பெயரே இல்லை, பட்டம். அரபியர் ஒருவருக்குப் பிறந்ததும் வைக்கும் பெயரை இஸ்ம் என்பார்கள். பிள்ளையின் பெயரோடு சேர்த்து 'அபூ இன்னார்', அதாவது இன்னாரின் தந்தை, என்று அழைப்பது குன்யா. ஒருவரின் குணத்தையோ சிறப்பையோ பார்த்து மற்றவர்கள் சூட்டுவது லகப். இந்த லகபுக்கு உரியவர் நபிகள் நாயகத்தின் பேரர் ஹுசைன் (ரலி) அவர்களின் மகன். இஸ்ம் அலீ. 680இல் இன்றைய இராக்கிலுள்ள கர்பலாவில் நடந்த போரில் தகப்பனாரும் உடன்பிறந்தோரும் கொல்லப்பட்டபோது இவர் நோயில் படுத்திருந்ததால் உயிர் தப்பினார். கைதியாக கூஃபாவுக்கும் அங்கிருந்து டமாஸ்கஸுக்கும் கொண்டுபோகப்பட்டார். அப்புறம் மதீனாவில் தொழுகையும் துஆவுமாக (பிரார்த்தனையுமாக) வாழ்ந்தார். அதிகம் சுஜூது (நெற்றி தரையில் பட வணங்குதல்) செய்பவர் என்ற பொருளில் 'ஸஜ்ஜாத்' என்றும் அவரைச் சொல்வார்கள். ஷியாக்களுக்கு அவர் நான்காம் இமாம். சுன்னிகளும் அவரை உயர்வாகவே போற்றுகிறார்கள்.

அவரைப் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி ஒன்று உண்டு. மதீனாவின் ஏழை வீடுகளுக்கு இரவில் யாரோ உணவு மூட்டை கொண்டுவந்து வைப்பார்களாம். யாரென்று எவருக்கும் தெரியாது. அவர் மறைந்ததும் மூட்டைகள் நின்றுபோயின. உடலைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் சுமை தூக்கிய தழும்புகளைக் கண்டார்கள். இந்தப் பட்டத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தழும்புகள்தான் முதலில் நினைவுக்கு வரும்.

பிற்காலத்தில் அவர் மேலுள்ள பிரியத்தால் மக்கள் பட்டத்தையே பிள்ளைகளுக்குப் பெயராக வைத்தார்கள். 15ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட ஷாஹி கான் அரியணை ஏறியதும் சூடிக்கொண்ட பெயர் இது. 2011இல் மக்கள் எழுச்சியால் பதவி இழந்த துனிசிய அதிபர் பென் அலியின் முன்பெயரும் இதுவே. நமக்கு நெருக்கமானது என்றால் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். அந்த 'ஜெ', அவர் தகப்பனார் ஜைனுலாப்தீன்.

என் வாப்பாவுக்கும் இதே பெயர். பாஸ்போர்ட்டில் அதை இரண்டாக வெட்டி, முன்பெயர் 'ஜைனுல்', குடும்பப்பெயர் 'ஆபிதீன்' என்று போட்டுவிட்டார்கள். வளைகுடாவில் வேலை பார்த்த காலம் முழுக்க 'மிஸ்டர் ஜைனுல்' என்றே கூப்பிட்டார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். அந்த 'ல்' அடுத்த சொல்லைச் சேர்ந்தது. 'ஜைனுல்' என்று நிறுத்தினால் பெயர் பாதியிலேயே அறுந்துவிடும்.

மகனுக்கு வைக்கப்போவதாகக் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வையுங்கள். பிறப்புச் சான்றிதழில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாகப் பதிந்துவிடுங்கள், பின்னால் எந்தப் படிவத்திலும் பிரியாது. வீட்டில் சுருக்கிக் கூப்பிட வேண்டுமென்றால் ஜைன் என்று கூப்பிடலாம், ஆபித் என்றும் கூப்பிடலாம். இரண்டும் தனித்தனியே முழுப் பெயர்கள்தான்.