கண்ணைப் பார்க்காத புள்ள கள்ளியா?

கேள்வி: களுவாஞ்சிகுடியில் தையல்கடை வைத்திருக்கிறேன். போன கிழமை லாச்சியில் 2,000 ரூபாய் குறைந்தது. வேலைக்கு நிற்கும் புள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டேன். நிலத்தைப் பார்த்து, ஷோல் நுனியைத் திருகிக்கொண்டே "நான் எடுக்கல்ல அக்கா" என்றாள். கண்ணைப் பார்க்காவிட்டால் பொய் என்று யூடியூபில் ஒருவர் சொன்னார். அவளை நிற்பாட்டிவிடவா?

பதில்: அவசரப்படாதீர்கள், தங்கச்சி. யூடியூப்காரர் சொன்னதை உலகம் முழுக்க நம்புகிறார்கள். ஆய்வுகளில்தான் அது நிற்கவில்லை. போண்ட், டெபோலோ என்ற இரு உளவியலாளர்கள் அதுவரை நடந்த ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்து 2006இல் கணக்குப் பார்த்தார்கள். பொய்யா மெய்யா என்று ஆளைப் பார்த்துச் சொன்னவர்களுக்கு 100க்கு 54 தடவைதான் சரியாக வந்திருந்தது. காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வரும்.

அதிலும் நம் பக்கத்துப் புள்ளைகள்! சம்பளம் தரும் அக்கா கோபமாகக் கேட்கும்போது அவள் நிமிர்ந்து முகத்துக்கு நேரே பார்த்திருந்தால், "எவ்வளவு திமிர்" என்றுதானே எனக்கு எழுதியிருப்பீர்கள்? வெளிநாட்டுப் புத்தகங்களில் கை கட்டி நிற்பவர் மனம் ஒப்பாதவர். நம் கோயில் வீதியில் அவர் பணிவானவர். நாம் பக்கவாட்டில் தலையாட்டி 'ஓம்' என்பதைப் பார்த்து, 'இல்லை' என்கிறோம் என நினைத்துக்கொள்ளும் வெள்ளைக்காரர்களும் உண்டு.

ஷோலைத் திருகினாள் என்றால் பதறியிருக்கிறாள், சரி. எடுத்தவளும் பதறுவாள், எடுக்காமல் பழி கேட்பவளும் பதறுவாள். எதற்காக என்று விரலைப் பார்த்துச் சொல்ல முடியாது. சும்மா அளவு எடுக்கும்போதும், சனத்தோடு கதைக்கும்போதும் இப்படித்தானா என்று கவனியுங்கள். வழமையை விட மாறியிருந்தால் இன்னொரு தடவை கேட்கலாம், அவ்வளவுதான்.

கேட்கும் விதமும் இருக்கிறது. சனம் இல்லாத நேரம், ஒரு பிளேன்டீ கொடுத்துப் பக்கத்தில் இருத்துங்கள். "எடுத்தியா?" என்று தொடங்க வேண்டாம். அன்றைக்கு யார் யார் உடுப்பு எடுக்க வந்தார்கள், அட்வான்ஸை யார் வாங்கியது என்று அவளையே சொல்ல விடுங்கள். கணக்குக் கொப்பியையும் பில் துண்டுகளையும் இருவருமாகப் பாருங்கள். நூலுக்கும் பொத்தானுக்கும் கொடுத்த காசை எழுத மறப்பது தையல்கடையில் புதினமில்லை.

லாச்சித் திறப்பு எங்கே இருக்கும் என்று நீங்கள் எழுதவில்லை. மெஷினுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது என்றால், இன்றைக்கே அதைக் கழற்றி எடுங்கள்.