காட்டுக் காளானை எப்படி இனம் காண்பது?

மதுரைப் பக்கத்து அழகர்மலை, சிறுமலை அடிவாரங்களில் மழைக்குப் பின் முளைக்கும் காளான்களை இனம் காண நிறமும் வடிவமும் மட்டும் போதா. ஏனெனில் அவை வயதாலும் ஈரத்தாலும் மாறிவிடுகின்றன. காளான் இனம்பெருக்க உதிர்க்கும் நுண்துகள்களான வித்துகளோ பெரிதும் மாறுவதில்லை. குடையை வெட்டி, அதன் அடியிலுள்ள தகடு போன்ற செவுள்கள் கீழ்நோக்கியிருக்கும்படி பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் வைத்துக் கிண்ணத்தால் மூடிவைத்தால், மறுநாள் காலையில் வித்துத்தூள் படிந்திருக்கும். இதுவே வித்து அச்சு; இதன் நிறம் இனம் காண உதவும்.

பூ வாங்குவதும் இப்படித்தான். மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் மல்லிகையையும் காக்கரட்டானையும் தொலைவிலிருந்து பார்த்தால் இரண்டும் வெள்ளைதான். வாங்குபவர் மொக்கையும் காம்பையும் புரட்டிப் பார்த்தே பிரித்தறிகிறார்.

கறையான் புற்றிலிருந்து நீண்ட வேர்போன்ற காம்புடன் எழும் புற்றுக்காளானின் அச்சு இளஞ்சிவப்பாக இருக்கும். புல்வெளிகளில் வளரும், கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் பச்சைச்செவுள் காளானோ இளமையில் வெண்செவுள்களுடன் ஏமாற்றும்; அதன் அச்சு மங்கிய பச்சை. தெளிவு கிடைக்காவிடில், ஏறத்தாழ 10 மைக்ரான் (மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு) நீளமுள்ள பச்சைச்செவுள் காளான் வித்துகளின் வடிவம், சுவர்த்தடிப்பு, நுனித்துளை (வித்தின் முனையிலுள்ள சிறு துளை) ஆகியவற்றை நுண்ணோக்கியில் காண வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகும், நேரில் அறிந்தவர் உறுதிசெய்யாத காளானை உண்ணவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பூச்சி அரித்த காளான் நஞ்சற்றது என்பதும், மஞ்சள் சேர்த்து வேகவைத்தால் நஞ்சு முறியும் என்பதும் தவறான நம்பிக்கைகள்.