விமானக் காட்சி நேரத்தில் கரையோரப் படகுத் தடை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கடற்கரையில் விமானச் சாகசக் காட்சி வைத்தால் கரையோரக் கடலைச் சில மணி நேரம் மூடிவிடுவார்கள். யார் போகலாம், யார் போகக் கூடாது, எதுவரை போகலாம் என்று ஒவ்வொரு முறையும் குழப்பம் வரும், கூடவே கோபமும் வரும். இப்படிப்பட்ட காட்சிகளில் ரோந்துப் படகில் நின்று எல்லையைக் காத்த அனுபவம் எனக்கு உண்டு. நீங்கள் அனுப்பிய கேள்விகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

அலைமகன்: விமானம் பறப்பது வானத்தில், படகு கிடப்பது தண்ணீரில். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்? எதற்காகப் படகுகளை விரட்ட வேண்டும்?

சம்பந்தம் ஒன்றுதான். மேலே ஏதாவது கோளாறு என்றால் அந்த விமானம் கீழே எங்கேயாவது வந்தாக வேண்டும். அந்த இடத்தில் ஆள் இருக்கக் கூடாது.

2021 ஏப்ரல் 17 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள கோக்கோ பீச்சில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்து டிபிஎம் அவெஞ்சர் விமானம் ஒன்று காட்சியில் பறந்துகொண்டிருந்தபோது எஞ்சினில் கோளாறு. கரையை ஒட்டிய ஆழமில்லாத தண்ணீரில் இறக்குவதைத் தவிர விமானிக்கு வேறு வழி இல்லை. குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு வெகு அருகில் விமானம் தண்ணீரைத் தொட்டு வழுக்கி நின்றது. யாருக்கும் காயமில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால், அதே இடத்தில் நாலு படகுகள் நங்கூரம் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

படகுக்காரர் மீது கோபம் கொண்டு யாரும் விரட்டுவதில்லை. விமானிக்கு ஒரு துண்டுக் கடல் காலியாக வேண்டும். தடையின் அர்த்தம் அவ்வளவுதான்.

நீலா: எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? ஊருக்கு ஊர் வேறாகத் தெரிகிறதே.

நாட்டுக்கு நாடு விதி மாறும், அடிப்படைக் கணக்கு மாறாது. விமானம் எவ்வளவு வேகமோ அவ்வளவு தூரம். அமெரிக்க விதியில் வேகமான ஜெட்களுக்குப் பார்வையாளர்களிலிருந்து 1,500 அடி, அதாவது சுமார் 457 மீட்டர். நடுத்தர வேகத்துக்கு 1,000 அடி. மெதுவாகப் பறக்கும் சின்ன விமானங்களுக்கு 500 அடி. இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சாகசம் நடக்கும் பகுதியை 'பாக்ஸ்' என்பார்கள். அதற்குள் நிகழ்ச்சிக்குத் தேவையானவர்களைத் தவிர யாரும் இருக்கக் கூடாது.

எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது, இப்படிப் பாருங்கள். ஒரு ஜெட் 400 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்குச் சுமார் 1.85 கிலோமீட்டர்) வேகத்தில் வந்தால் நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் கடக்கும். 457 மீட்டர் அதற்கு இரண்டே நொடி. அதே தூரத்தை 5 நாட் வேகத்தில் போகும் படகு கடக்கக் கிட்டத்தட்ட 3 நிமிடம் ஆகும். 'விமானம் வந்தால் நகர்ந்துகொள்ளலாம்' என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

துடுப்புக்காரன்: எல்லைக்குள் வரமாட்டேன் அண்ணே. எல்லையைத் தாண்டி ஆழ்கடல் பக்கம் நின்று பார்த்தால் தப்பா?

இதைத்தான் நிறையப் பேர் செய்கிறார்கள், இதில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. கரையில் இருப்பவர்கள் ஒரு கூட்டம் என்றால், கடல் பக்கம் சேரும் படகுகள் இன்னொரு கூட்டம். கரைக் கூட்டத்தை நோக்கிப் பாயக் கூடாது என்று விமானி கவனமாக இருப்பார். 1988 ஆகஸ்ட் 28 அன்று ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் நடந்த காட்சியில் இத்தாலிய விமானப்படைச் சாகசக் குழுவின் மூன்று விமானங்கள் மோதி, கூட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்த விமானம் மக்கள் மீதே விழுந்தது. 70 பேர் இறந்தார்கள். அதற்கு அப்புறம் பல நாடுகளில் விதிகள் இறுகின. ஆனால் கரையிலிருந்து விலகித் திரும்பும் விமானம் எந்தப் பக்கம் திரும்பும்? கடல் பக்கம். நீங்கள் நிற்கும் பக்கம்.

2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரமில் நடந்த காட்சியில் ஹாக்கர் ஹன்டர் என்ற பழைய ஜெட் விமானம் விழுந்து 11 பேர் இறந்தார்கள். அவர்கள் யாரும் விமானத் தளத்துக்குள் இருந்தவர்கள் இல்லை, வெளியே சாலையில் இருந்தவர்கள். 'நான் எல்லைக்கு வெளியேதானே இருக்கிறேன்' என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. படகுகளுக்கென்று பார்வை இடம் ஒதுக்கியிருந்தால் அங்கே நில்லுங்கள். ஒதுக்கவில்லை என்றால் எல்லைக்கோட்டிலிருந்து நன்றாக விலகி நில்லுங்கள்.

கலங்கரை: எங்களை எல்லாம் விரட்டிவிட்டு, நட்ட நடுவில் ஒரே ஒரு படகை மட்டும் நிற்க விட்டார்கள். பெரிய மனிதர்கள் யாராவதா?

கோபம் புரிகிறது, ஆனால் அது வேடிக்கை பார்க்க வந்த படகு இல்லை. நிலத்தில் விமானிக்கு ஓடுபாதை, சாலை, கட்டடம் என்று அடையாளம் இருக்கும். கடலில் எல்லாம் ஒரே நீலம். காட்சியின் நடுப்புள்ளி எது என்று மேலிருந்து தெரிவதற்காகத்தான் ஒரு படகையோ மிதவையையோ அங்கே நிறுத்துகிறார்கள். எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் உரசுவதுபோல் கடப்பது அந்தப் புள்ளியை வைத்துத்தான்.

இன்னொரு விஷயமும் இதில் இருக்கிறது. அலையில்லாத, கண்ணாடி போன்ற கடலுக்கு மேலே தாழப் பறக்கும்போது உயரத்தைக் கண்ணால் மதிப்பிடுவது கடினம். அடையாளப் படகு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளைப் படகு வந்து நின்றால், விமானிக்கு எது சரியான புள்ளி என்ற குழப்பமும் வரலாம்.

வலைவீசி: சார், எங்களுக்கு ஒரு நாள் கடல் இல்லை என்றால் ஒரு நாள் அடுப்பு எரியாது. காட்சி பார்க்க வருபவர்களுக்காக நாங்கள் ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் யோசித்தேன்.

ஒருமுறை எல்லைக்குள் ஒரு சின்னப் படகு நின்றது. ஒலிபெருக்கியில் கூப்பிட்டோம், நகரவில்லை. கிட்டே போனால், வயதான ஒருவர் கையைத் தண்ணீர்ப் பக்கம் காட்டினார். பாதி வலை உள்ளே கிடந்தது. முந்தைய நாள் மாலை போட்ட வலை. தடை என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை. அறுத்துவிட்டு வா என்று சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் அவர் படகில் ஏறி இழுத்தார்கள். இருபது நிமிடம் ஆனது. அதுவரை விமானங்கள் தூரத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தன. அன்று தவறு அவர் மீது இல்லை. அறிவிப்பைச் சுவரில் ஒட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைத்தவர்கள் மீதுதான்.

நடத்துபவர்கள் செய்ய வேண்டியது என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். வலை போடும் நேரத்தைக் கேட்டு, அதற்கும் முன்னதாக, படகு கிளம்பும் துறைக்கே நேரில் போய்ச் சொல்ல வேண்டும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை மட்டும் கொடுத்தால் ஜிபிஎஸ் இல்லாத படகுக்கு என்ன பயன்? கரையில் தெரியும் கோபுரத்தையோ, கலங்கரை விளக்கத்தையோ, துறைமுகச் சுவரையோ காட்டி 'இதற்கும் இதற்கும் நடுவே வேண்டாம்' என்று சொன்னால் யாருக்கும் புரியும். திரும்பி வரும் படகுக்கு ஓரமாக ஒரு வழி விட வேண்டும். காட்சி சீக்கிரம் முடிந்தால், தாளில் போட்ட நேரம் வரை காத்திருக்காமல் உடனே கடலைத் திறக்க வேண்டும். எல்லை காக்க எப்படியும் படகுகள் வேண்டும், அந்த வேலையைக் கூலி கொடுத்து அங்கேயே தொழில் செய்பவர்களிடம் தரலாம். அந்தக் கடலை அவர்களைவிட அறிந்தவர் யார்?

இழந்த நாளுக்கு ஈடு கேட்பது உங்கள் உரிமை. அதை முன்கூட்டியே, சங்கமாகச் சேர்ந்து, எழுத்தில் கேளுங்கள். காட்சி முடிந்த பிறகு தனியாகப் போய்க் கேட்டால் கேட்க ஆள் இருக்காது.

மணல்வெளி: கயாக், நின்று துடுப்புப் போடும் பலகை இதெல்லாமும் படகுக் கணக்கில் வருமா?

வரும். எஞ்சின் இல்லை என்பதால் விலக்கு கிடையாது. உண்மையில் உங்களுக்குத்தான் ஆபத்து அதிகம், தண்ணீர் மட்டத்தில் இருப்பதால் மேலிருந்தும் தெரியமாட்டீர்கள், விரைந்து வரும் ரோந்துப் படகுக்கும் தெரியமாட்டீர்கள்.

திசைகாட்டி: எல்லைக்குள் இருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டால்?

முதலில் நங்கூரத்தைப் போடுங்கள், நடுப்பகுதிக்கு இழுத்துப் போகாமல் இருக்கும். படகுகள் பேசிக்கொள்ளும் விஎச்எஃப் ரேடியோ இருந்தால், அவசர அழைப்புக்கான சேனல் 16-இல் உங்கள் இடத்தையும் பிரச்சினையையும் சொல்லுங்கள். இல்லை என்றால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி மெதுவாக உயர்த்தித் தாழ்த்துங்கள், அது கடலில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து சைகை. மறைந்துகொள்ளப் பார்க்காதீர்கள். திட்டுவார்களோ என்ற பயத்தில் சும்மா இருப்பவரால்தான் எல்லோருக்கும் சிக்கல். ரோந்துப் படகு வந்து கட்டி இழுத்துப் போகும்.

கடல்காற்று: ஒரு படகு நுழைந்தால் காட்சியையே நிறுத்துவார்களா?

நிறுத்துவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். வானத்தை ஒருங்கிணைப்பவரை 'ஏர் பாஸ்' என்பார்கள். அவர் ரேடியோவில் நிறுத்தச் சொன்னால் பாதிச் சாகசத்திலேயே விமானங்கள் விலகி மேலே போய்விடும். அங்கே சுற்றும் ஒவ்வொரு நிமிடமும் எரிபொருள் கரையும். படகு வெளியேறத் தாமதமானால் மிச்ச சாகசங்களை வெட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். கடலின் தேவைக்காக ஒரு நாள் முழுவதையும் கைவிட்டதும் உண்டு. 2021 அக்டோபரில் கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் பீச்சில் கடலில் எண்ணெய் கசிந்தபோது, சுத்தம் செய்யும் வேலைக்கு இடம் விட்டு அங்கே நடந்த விமானக் காட்சியின் கடைசி நாளை ரத்து செய்தார்கள்.

முத்துக்குளி: விமானி பாராசூட்டில் என் படகுக்குப் பக்கத்தில் விழுந்தால் ஓடிப்போய்த் தூக்கலாமா?

நல்ல மனதோடு கேட்கிறீர்கள். மீட்புப் படகும் முக்குளிப்பவர்களும் தயாராக இருப்பார்கள், அவர்களுக்கு வழி விடுவதுதான் பெரும்பாலும் பெரிய உதவி. உங்களைத் தவிர கிட்டே யாருமே இல்லை என்றால் மட்டும் போங்கள். பாராசூட்டின் கயிறுகள் தண்ணீரில் பரந்து கிடக்கும், அது உங்கள் எஞ்சின் விசிறியில் சுற்றினால் விமானியையும் சேர்த்து இழுக்கும். காற்று அடிக்கும் திசையைப் பார்த்து, துணி பறந்து கிடக்கும் பக்கத்தை விட்டு, கடைசிக் கொஞ்ச தூரத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டு நெருங்குங்கள்.

விமானத்தின் சிதைவுகள் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். எஃப்-16 ரகத்தில் அவசரகாலச் சக்திக்காக ஹைட்ரசின் என்ற கடும் நஞ்சு வைத்திருப்பார்கள். விமானி வெளியேறும் இருக்கையில் வெடிமருந்து இருக்கும். நினைவுப் பொருளாக ஒரு துண்டு எடுக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

வெண்ணிலா: குடும்பத்தோடு படகில் இருந்து பார்க்கப் போகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

விமானத்தைவிட உங்கள் படகைக் கவனியுங்கள். ஜெட் ஒரு பக்கத்திலிருந்து வந்ததும் படகில் இருக்கும் பத்துப் பேரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமே ஓடுவார்கள். என் கண் முன்னால் ஒரு படகு அப்படிச் சாய்ந்து, விளிம்பு தண்ணீரைத் தொட்டு, ஒரு சின்னப் பிள்ளையின் செருப்பு மிதந்து போனது. அடுத்த நொடி எல்லோரும் பயந்து மறுபக்கம் ஓட, அந்தப் பக்கம் சாய்ந்தது. கவிழவில்லை, ஆனால் அந்தத் தாய் பிள்ளையை இறுக்கிப் பிடித்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஆளுக்கு ஓர் இடம் என்று கிளம்பும் முன்பே சொல்லி உட்கார வையுங்கள். உயிர் காக்கும் சட்டையை எடுத்து வைத்தால் போதாது, போட்டிருக்க வேண்டும்.

நங்கூரத்தை முன்பக்கத்திலிருந்துதான் போட வேண்டும். பின்பக்கம் கட்டினால் அலை ஏறி படகு நிறைந்துவிடும். நாலைந்து படகுகளை ஒட்டிக் கட்டியிருந்தால் எல்லோரும் எஞ்சினை அணையுங்கள், புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு மணமே இல்லாமல் ஆளை மயக்கும். சியாட்டில் நகரத்து சீஃபேர் விழாவில் பெரிய மரக்கட்டைகளைக் கோத்து மிதக்கும் வேலி அமைத்து, படகுகளை அதில் கட்டிக்கொள்ள விடுகிறார்கள். கட்டிய படகு எல்லை தாண்டாது, எனக்குப் பிடித்த ஏற்பாடு அது.

காட்சி முடிந்ததும் எல்லாப் படகும் ஒரே நேரத்தில் கிளம்பும். அரை மணி நேரம் பொறுத்துக் கிளம்புங்கள். கரையை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள். நியூசிலாந்தில் கரையிலிருந்து 200 மீட்டருக்குள், பிரான்சில் 300 மீட்டருக்குள் 5 நாட் வேகம்தான் உச்சவரம்பு. குளிப்பவர்கள் இருக்கும் எந்தக் கரைக்கும் அது பொருந்தும்.

பறவைக்கண்: படகில் இருந்து டிரோன் விட்டுப் படம் எடுக்கலாமா?

கூடாது. வான்வெளியும் அந்த நேரத்தில் மூடியிருக்கும். அப்புறம், மீன் கழிவைத் தண்ணீரில் கொட்டாதீர்கள். கடற்காகங்கள் கூடும், தாழப் பறக்கும் ஜெட்டின் எஞ்சினுக்குள் ஒரு பறவை போனால் போதும்.

அணிலன்: ஒத்திகை நாளிலும் தடை உண்டா? அன்று கூட்டமே இருக்காதே.

உண்டு, அதே எல்லை, பெரும்பாலும் அதே நேரம். அந்தக் கடலுக்கு மேலே விமானிகள் முதல்முறையாகப் பறந்து பார்ப்பது அன்றுதான். அறிவிப்பில் காட்சி நாளை மட்டும் பெரிய எழுத்தில் போடுவார்கள், ஒத்திகை நாள் அடியில் சின்னதாக இருக்கும். அதையும் தேடிப் படித்துவிட்டுக் கடலில் இறங்குங்கள்.