வாசகர் கேள்வி – பதில்: வாகன இலக்கத் தகட்டை வாசிக்கும் மென்பொருள்

கேள்வி: வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கை ஒன்றில், 28 வீடுகள் கொண்ட தொடர்மாடியில் வசிக்கிறோம். வந்துபோகும் வாகனங்களின் இலக்கங்களைக் காவலாளி கொப்பியில் எழுதி வைக்கிறார். இலக்கத் தகட்டைத் தானாக வாசிக்கும் மென்பொருளை ஒரு நிறுவனம் எங்களுக்கு விற்க முன்வந்துள்ளது. இப்போதிருக்கும் சி.சி.ரி.வி. கமராக்களே போதும், 98 சதவீதம் சரியாக வாசிக்கும், குடியிருப்பாளரின் வாகனம் வந்தால் தடுப்புக் கம்பம் தானாக உயரும், பிறகு காவலாளியே தேவையில்லை என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
– நிர்வாகக் குழுச் செயலாளர், வெள்ளவத்தை

பதில்: இப்போதிருக்கும் கமராவே போதும் என்ற பேச்சிலிருந்து தொடங்குவோம். தொடர்மாடிகளில் பொதுவாகப் பொருத்தப்படும் கமரா, முற்றம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுவதற்காக வைக்கப்படுவது. அதன் படம் அகலவாக்கில் 1,920 பிக்சல் (படத்தை ஆக்கும் நுண்புள்ளிகள்) கொண்டது என்றும், அது 15 மீற்றர் அகலமான இடத்தைக் காட்டுகிறது என்றும் வைத்துக்கொண்டால், ஒரு மீற்றருக்கு 128 பிக்சல் வரும். ஏறத்தாழ அரை மீற்றர் நீளமான முன்தகட்டுக்குக் கிடைப்பது 64 பிக்சல்தான். மென்பொருள் நம்பகமாக வாசிப்பதற்குத் தகட்டின் அகலம் 100 முதல் 130 பிக்சல் வரையாவது இருப்பது நல்லது. அதே கமராவை நுழைவழியின் 4 மீற்றர் அகலத்தை மட்டும் பார்க்கும்படி வைத்தால் 240 பிக்சல் கிடைக்கும். ஆனால் முற்றம் தெரியாமல் போய்விடும். ஆகவே தகட்டுக்கென்று தனிக் கமரா ஒன்று வேண்டும்.

இரவில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். சாதாரணக் கமரா இருட்டில் வெளிச்சம் போதாமல் ஒவ்வொரு படத்துக்கும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் உள்ளே திரும்பும் கார்கூட, செக்கனில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். போதாக்குறைக்கு ஹெட்லைட் வெளிச்சமும் சேர்ந்து, படத்தில் இரண்டு வெள்ளை வட்டங்களும் நடுவே கலங்கிய பட்டை ஒன்றுமே எஞ்சும். தகட்டுக்கான கமரா செக்கனில் ஐந்நூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ மட்டும் திறந்து மூடுகிறது; அகச்சிவப்பு விளக்கொன்றையும் தகட்டின் மீது பாய்ச்சுகிறது. தகட்டின் பூச்சு அந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், சுற்றியுள்ள அனைத்தும் கறுத்துப்போக, தகடு மட்டும் பளிச்சென்று தெரியும்; அதன்மேல் எழுத்துகள் தெளிவாக விழும். அந்தப் படத்தில் ஓட்டுநரின் முகம் பெரும்பாலும் விழாது. குடியிருப்பாளரின் அந்தரங்கத்துக்கு அதுவும் நல்லதே.

உங்கள் ஒழுங்கைக்கே உரிய இரண்டு விடயங்களையும் சொல்ல வேண்டும். அந்த ஒழுங்கைகள் நேராகக் கடலை நோக்கி இறங்குகின்றன. மேற்கே பார்த்து வைத்த கமராவுக்குள் மாலை வெயில் நேராக விழும் என்பதால், வேலை முடிந்து எல்லோரும் திரும்பும் அந்த நேரத்திலேயே வாசிப்பு தவறும். கமராவைக் கிழக்குப் பார்த்து வைக்க வழியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மற்றையது உப்புக் காற்று. திருகாணியும் இணைப்புகளும் விரைவில் துருப்பிடிக்கும். கண்ணாடியில் உப்புப் படலம் படியும். யார், எத்தனை நாளுக்கு ஒருமுறை அதைத் துடைப்பார் என்பதைப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

98 சதவீதம் என்பது எழுத்துக்கா, முழுத் தகட்டுக்கா என்று எழுத்துமூலம் கேளுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் 98 சதவீதம் சரியாக வாசிக்கும் மென்பொருள், மூன்று எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட ஒரு தகட்டை முழுமையாகச் சரியாக வாசிப்பது ஏறத்தாழ 87 சதவீதம்தான். அதாவது 100 வாகனங்கள் வந்தால் 13 வாகனங்களின் பதிவில் பிழை இருக்கும். ஆங்கில எழுத்தான ஓவையும் (O) பூச்சியத்தையும், பியையும் (B) எட்டையும், எஸ்ஸையும் (S) ஐந்தையும் மாற்றி வாசிப்பதே வழமையான பிழை. நம் நாட்டுத் தகட்டில் எழுத்து வரும் இடமும் இலக்கம் வரும் இடமும் நிலையானவை என்பதால், அந்த அமைப்பைத் தெரிந்துவைத்திருக்கும் மென்பொருள் இத்தகைய பிழைகளிற் பலவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். வேறு நாட்டுத் தகடுகளுக்கென்று தயாரிக்கப்பட்ட மென்பொருளுக்கு அது தெரியாது. எனவே விளம்பரப் படத்தைப் பார்த்துத் தீர்மானிக்காமல், உங்கள் கேற்றிலேயே ஒரு வாரம் படம்பிடித்து, மழை பெய்த இரவொன்றும் அதில் அடங்கியிருப்பதை உறுதிசெய்து, காவலாளியின் கொப்பியோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள். பணம் கொடுப்பதற்கு முன்னர் இந்தப் பரிசோதனைக்கு இணங்காத நிறுவனத்திடம் வாங்க வேண்டாம்.

இனித் தடுப்புக் கம்பம். மென்பொருள் அடையாளம் காண்பது தகட்டை மட்டுமே. வாகனத்தையோ அதற்குள் இருப்பவரையோ அல்ல. உங்கள் குடியிருப்பாளர் ஒருவரின் இலக்கத்தை அச்சடித்து ஒட்டிக்கொண்டு வருபவருக்கும் கம்பம் உயரும். 2025 இல் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கிய பின்னர், நிரந்தரத் தகடு கிடைக்கும்வரை தற்காலிகமாக அச்சிட்ட இலக்கத்துடன் வாகனங்கள் ஓடியதைக் கண்டிருப்பீர்கள். ஆகவே அச்சிட்ட தகட்டைக் கண்டு எவருக்கும் சந்தேகம் எழாது. காவலாளியை நிறுத்திவிட்டு இந்த மென்பொருளை வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். காவலாளி எழுதும் வேலையை மென்பொருள் எடுத்துக்கொள்ளட்டும். முகம் பார்த்து விசாரிக்கும் வேலை அவரிடமே இருக்கட்டும்.

மின்சாரம் நின்றால் கம்பம் என்ன செய்யும் என்பதையும் கேளுங்கள். 2022 இல் மணிக்கணக்கான மின்வெட்டை அனுபவித்தோம். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருளில் மூழ்கியது. கமராவுக்கும் கணினிக்கும் யூ.பி.எஸ். வேண்டும். அதைவிட முக்கியமாக, அம்புலன்ஸ் ஒன்று வந்து நிற்கும்போது எவரும் கையால் கம்பத்தை உயர்த்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

உங்கள் தேவை குடியிருப்பாளரின் வாகனம் நிற்காமல் உள்ளே வருவது மட்டுமேயானால், கண்ணாடியில் ஒட்டும் ஆர்.எஃப்.ஐ.டி. அட்டை (வானொலி அலை மூலம் வாகனத்தை அடையாளம் காட்டுவது) பெரும்பாலும் மலிவானது. வெயிலும் மழையும் அதைக் குழப்புவதில்லை. விருந்தினர், விநியோக வாகனங்கள் ஆகியவற்றின் வரவையும் பதிய வேண்டுமானால்தான் தகடு வாசிக்கும் மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதில் பொருள் உண்டு.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் சிறிய சேர்விஸ் ஸ்டேஷன் ஒன்று நடத்துகிறேன். ஒரு வாகனம் உள்ளே வந்ததும், அது முன்பு எப்போது வந்தது, என்ன வேலை செய்தோம் என்று கணினித் திரையில் தெரிந்தால் நல்லது. பணம் கொடுக்காமல் போனவர்களின் இலக்கங்களையும் சேர்த்துவைத்து, அவர்கள் வந்தால் எச்சரிக்கை ஒலிக்கச் செய்ய விரும்புகிறேன். இலக்கத்தைக் கொண்டு உரிமையாளரின் முகவரியையும் மென்பொருள் காட்டுமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: முகவரியைக் காட்டாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேடு எந்த மென்பொருளோடும் சேர்ந்து வருவதில்லை. நீங்களே கணினியில் பதிந்துவைத்த பட்டியலோடு ஒப்பிட்டுச் சொல்வதற்கு மட்டுமே அதனால் முடியும். அதைவிடக் கூடுதலாகத் தருவோம் என்று எவராவது சொன்னால், அந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள்.

உங்கள் முதல் நோக்கத்துக்கு இது மிகவும் பொருத்தமான கருவி. வாகனம் மெதுவாக வந்து ஒரே இடத்தில் நிற்பதால் விலையுயர்ந்த கமரா தேவைப்படாது. மாதச் சந்தாவில் இணையம் வழியாக இயங்கும் சேவைகளும் உண்டு. கடையிலுள்ள சிறிய கணினியிலேயே இயங்குபவையும் உண்டு. இணையம் அறுந்தாலும் வேலை நடக்கும், வாடிக்கையாளரின் படங்களும் வெளிநாட்டுச் சேர்வருக்குப் போகாது என்பதால் நான் இரண்டாவது வகையையே விரும்புகிறேன்.

ஒப்பிடும்போது மாகாணக் குறியீட்டைக் கணக்கில் எடுக்க வேண்டாம். 2000 ஆம் ஆண்டளவில் ஆங்கில எழுத்துத் தொடர் வந்தபோது டபிள்யூ.பி. (மேல் மாகாணம்), என்.பி. (வட மாகாணம்) போன்ற குறியீடுகளும் தகட்டில் ஏறின; பின்னர் வந்த தகடுகளில் அவை கைவிடப்பட்டன. வாகனத்தை இனங்காட்டுபவை அதன் எழுத்துத் தொடரும் நான்கு இலக்கங்களும்தான். பழைய வாகனங்கள் வேறு கதை: 65 அல்லது 301 என்று இலக்கத்தில் தொடங்குபவை ஒருவகை, அவற்றுக்கும் முந்தியவை, நடுவில் சிங்கள எழுத்தில் ஸ்ரீ பொறித்தவை. ஆங்கில எழுத்து மட்டும் கற்ற மென்பொருள் அந்த ஸ்ரீயை ஏதோவோர் எழுத்தாகவோ இலக்கமாகவோ வாசித்துவைக்கும். மொறிஸ் மைனர் கொண்டுவரும் வாடிக்கையாளர்களின் இலக்கத்தை நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள். அவர்களை உங்களுக்கு முகம் பார்த்தே தெரிந்திருக்கும்.

எச்சரிக்கைப் பட்டியலைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. 2020 ஓகஸ்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள அரோரா நகரில், ஒரு குடும்பத்தின் காரைப் பொலிஸார் மறித்து, சிறு பிள்ளைகள் உட்பட அதிலிருந்தவர்களைத் துப்பாக்கி முனையில் தரையில் படுக்க வைத்தார்கள். தகடு வாசிக்கும் கருவி இலக்கத்தைப் பிழையாக வாசிக்கவில்லை. ஆனால் திருடப்பட்டது வேறு மாநிலத்தில் பதிவான, அதே இலக்கம் கொண்ட ஒரு மோட்டார் சைக்கிள். காரையும் மோட்டார் சைக்கிளையும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒரு நிமிடத்தை எவரும் ஒதுக்கவில்லை. சேர்விஸ் ஸ்டேஷனில் துப்பாக்கி இல்லைதான்; ஆனால் வேறு வாடிக்கையாளர்கள் முன்னிலையில் ஒருவரைக் கடன்காரர் என்று நிறுத்துவதும் சிறிய அவமானமல்ல. வாகனம் கைமாறியிருக்கலாம், அன்று ஓட்டிவருபவர் உரிமையாளரின் மருமகனாக இருக்கலாம். ஒலி வேண்டாம். உங்கள் திரையில் மட்டும் ஒரு குறிப்பு தோன்றட்டும். அதனுடன் வாகனத்தின் வகை, நிறம், பழைய பில்லின் இலக்கம் ஆகியவையும் தெரியட்டும். அவற்றைப் பார்த்துவிட்டு நீங்களே தனியாகப் பேசுங்கள்.

கேள்வி: முச்சக்கர வண்டிகளையும் மோட்டார் சைக்கிள்களையும் இது வாசிக்குமா?
– வாசகர், தெஹிவளை

பதில்: வாசிக்கும், ஆனால் காரைப் போல எளிதாக அல்ல. மோட்டார் சைக்கிளின் பின்தகடு இரண்டு வரிகளில் எழுதப்பட்டது, அளவிலும் சிறியது. இரு வரித் தகட்டை வாசிக்கும் வசதி மென்பொருளில் உண்டா என்று குறிப்பாகக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் வாடகை வீட்டில் வசிக்கிறேன். வைத்தியசாலையில் வேலை செய்வதால் இரவில் நேரம் சென்றே திரும்புவேன். எங்கள் தொடர்மாடியில் இத்தகைய மென்பொருளைப் பொருத்திய பின்னர், நான் எத்தனை மணிக்கு வருகிறேன், என்னைக் கொண்டுவந்து விடும் கார் யாருடையது என்றெல்லாம் நிர்வாகக் குழுவிலுள்ள ஒருவர் அயலவரிடம் பேசியிருக்கிறார். இதை நான் தட்டிக்கேட்க முடியுமா?
– வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: நிச்சயமாகத் தட்டிக்கேட்க முடியும், கேட்கத்தான் வேண்டும். பாதுகாப்புக்கென்று சேர்த்த பதிவை ஒரு பெண்ணின் வரவு போக்கைப் பற்றிப் பேசுவதற்குப் பயன்படுத்தியது பெரும் தவறு.

இலக்கம் தனியே இருக்கும்போது வெறும் எழுத்தும் எண்ணும்தான். அதனருகே வீட்டு இலக்கம், திகதி, நேரம் ஆகியவை சேர்ந்துவிட்டால், அது ஒரு மனிதரின் அன்றாட வாழ்க்கையின் பதிவாகிவிடுகிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தகவல்களைப் பற்றியதே. எந்த நோக்கத்துக்காகச் சேர்த்தார்களோ அதற்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, தன்னைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று அறியவும் பிழையைத் திருத்தவும் சம்பந்தப்பட்டவருக்கு உரிமை உண்டு என்பன அதன் அடிப்படைகள். ஒருவர் தன் சொந்த வீட்டுத் தேவைக்காகச் செய்யும் பதிவுகளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. தொடர்மாடியின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் (வீட்டு உரிமையாளர்கள் சேர்ந்த நிர்வாக அமைப்பு) அத்தகைய தனியாள் அல்ல. மீறலுக்கு ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கவும் அச்சட்டத்தில் இடமுண்டு. அது கட்டங்கட்டமாகவே நடைமுறைக்குக் கொண்டுவரப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் நாகரிகமான நிர்வாகக் குழு ஒன்று அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இந்தப் பத்தியை வாசிக்கும் குழு உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. பதிவுகளை 30 நாட்களுக்குப் பின்னர் மென்பொருளே தானாக அழிக்கும்படி அமைத்துவிடுங்கள். குற்றச்செயலோ விபத்தோ நேர்ந்தால் மட்டும், இருவர் சேர்ந்து, காரணத்தை எழுதிவைத்துவிட்டுத் திறந்து பார்க்கட்டும். யார் எப்போது பார்த்தார் என்பதும் பதிவாகட்டும். எவருடைய கைத்தொலைபேசிக்கும் வரவு போக்கு அறிவித்தல் போகக் கூடாது. மாகாணக் குறியீட்டை வைத்து, என்.பி. தகடு வந்தால் தனியாகக் குறித்துக்கொள் என்பது போன்ற விதியை ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். 2007 ஜூன் மாதத்தில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டதையும், உயர் நீதிமன்றம் தலையிட்டு அதை நிறுத்தியதையும் மறக்காதவர்கள் இந்நகரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். யார் எங்கிருந்து வந்து எங்கே தங்குகிறார் என்ற பட்டியல் எப்படியெல்லாம் பயன்படக்கூடும் என்பது நமக்குத் தெரியும்.

வாசகி செய்ய வேண்டியது இதுதான். குழுவின் செயலாளருக்கு எழுத்துமூலம் நான்கு விடயங்களைக் கேளுங்கள்: உங்கள் வருகை பற்றி என்னென்ன பதிவாகியிருக்கின்றன, அவற்றைப் பார்க்கும் அனுமதி யார் யாருக்கு உண்டு, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், அயலவரிடம் பேசியவர் எந்த அதிகாரத்தில் அதைத் திறந்தார். கடிதத்தின் பிரதியொன்றை உங்கள் வீட்டு உரிமையாளருக்கும் அனுப்புங்கள். முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் அங்கத்தவர் அவரே என்பதால், பதில் வராவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இதைச் சேர்க்கும்படி கோர அவரால் முடியும். அங்கும் தீராவிட்டால், தொடர்மாடிகளுக்குப் பொறுப்பான அரச அமைப்பான கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபையிடம் முறையிடும்போது அந்தக் கடிதமே உங்களுக்கு ஆதாரமாகும்.