டியூஷன் நேரத்து வயிற்றுவலி

அன்புள்ள ஐயா,

என் மகன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். வாய்ப்பாட்டில் தவறினால் டியூஷன் சார் புறங்கையில் ஸ்கேலால் அடிப்பார். இப்போதெல்லாம் சாயங்காலம் ஐந்து மணியானால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறான். "இன்னிக்குப் போக வேண்டாம்" என்றால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. "நடிக்கிறான், அடியாத மாடு படியாது" என்கிறார் மாமியார். அடித்தால் பயன் உண்டா?

வாசகி, குடியாத்தம்

அன்புள்ள சகோதரிக்கு,

டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஆனால் அவன் நடிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பயத்தில் வயிறு பிசைவது உடம்பு தானாகச் செய்யும் வேலை. போக வேண்டாம் என்றதும் வருகிற நிம்மதி, மறுநாள் வலியை இன்னும் சீக்கிரம் கூட்டி வருகிறது. அதற்காக அவனை இழுத்துக்கொண்டும் போகாதீர்கள். முதலில் ஸ்கேல் போக வேண்டும்.

அடி கற்றுத்தரத்தான் செய்கிறது. ஆனால் ஏழெட்டு ஐம்பத்தாறு அதில் ஏறாது. அந்த அறை, கணக்கு நோட்டு, ஐந்து மணி எல்லாம் வலியோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் 1938-இல் எழுதிய சோதனை ஒன்று உண்டு. விசையை அழுத்தினால் தீனி வரும் என்று பழகிய எலிகளுக்குத் தீனியை நிறுத்தினார். சில எலிகளுக்கு மட்டும், அழுத்தும்போது பாதத்தில் அடியும் விழுந்தது. அவை அடங்கின. அடி நின்றதும் மறுபடி அழுத்தத் தொடங்கி, கடைசியில் அடிபடாத எலிகள் எத்தனை முறை அழுத்தினவோ அந்த எண்ணிக்கையை எட்டிவிட்டன.

அப்புறம் ஏன் அடிக்கிறார்கள்? ஸ்கேலை ஓங்கியதும் அறை கப்சிப் என்றாகிறதே, அதுதான் அடிப்பவருக்குக் கைமேல் கிடைக்கும் கூலி. பையன் படிகிறானோ இல்லையோ, அவர் கை அடிக்கப் பழகிவிடுகிறது. என்னை அதிகம் கலங்க வைப்பது இதுதான்.

பயத்தைக் கழற்றவும் வழி உண்டு. மூன்று வயதுகூட நிரம்பாத பீட்டர் என்ற குழந்தை முயலைக் கண்டால் அலறும். அவன் பிடித்ததைச் சாப்பிடும் நேரத்தில் முயலைத் தூரத்தில் வைத்து, நாளாக நாளாகக் கிட்டே கொண்டுவந்தார் மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர். பிறகு முயலை அவனே தடவினான். இது 1924-இல் வெளியானது. நீங்களும் அவன் சாப்பிட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாம் வாய்ப்பாட்டில் தொடங்குங்கள். முகம் சுருங்கினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

பள்ளியில் அடிப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. டியூஷனுக்கும் நியாயம் அதுவே. சாரிடம் பேசுங்கள், கேட்கவில்லையென்றால் டியூஷனை மாற்றுங்கள். அப்படியும் வலி விடவில்லையா, வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மனநல மையத்தில் குழந்தைகளையும் பார்க்கிறார்கள். போகும்போது மாமியாரையும் அழைத்துப் போங்கள். டாக்டர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.