முதல் பெயர் மாறும், குடும்பப் பெயர் நிற்கும்

கேள்வி: மேற்கு வங்கத்தின் முன்னாள் முதல்வர் புத்ததேவ் பட்டாச்சார்யாவின் பிள்ளை, தான் ஒரு திருநம்பி (பிறப்பில் பெண் எனப் பதியப்பட்டு, தன்னை ஆணாக உணர்பவர்) என்று அறிவித்தாரே! அரசியல் குடும்பத்தில் பிறந்த ஒருவர் பெயர், ஆவணம், பத்திரிகை எல்லாவற்றையும் எந்த வரிசையில் கையாள வேண்டும்?

பதில்: 2023 ஜூனில் 41 வயதில் அறிவித்தார். சுசேதனா என்ற பெயர் சுசேதன் ஆனது. பெற்றோரின் பெயரை இதில் இழுக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் தலைப்புச் செய்தியில் வந்தது 'முன்னாள் முதல்வரின் மகள்'தான்!

முதலில் வீடு, பிறகு ஆவணம், கடைசியில் பத்திரிகை. வழக்கமான பெயர் மாற்றத்துக்குச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுப்பார்கள். பிரபலக் குடும்பத்தில் அந்த இரண்டு வரி விளம்பரமே செய்தியாகிவிடும், வீட்டில் சொல்வதற்கு முன்பே.

திருநர் (பிறப்பில் பதியப்பட்ட பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்கள்) உரிமைகளுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் 2020 விதிகளும் வகுத்த வழி வேறு. கடந்த 12 மாதமாகக் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆட்சியருக்கு, திருநருக்கான தேசிய இணையதளம் வழியே படிவம் 1ஐயும் உறுதிமொழிப் பத்திரத்தையும் அனுப்ப வேண்டும். அந்த 2020 விதிகளின்படி உடல் பரிசோதனை இருக்கவில்லை. 30 நாளில் சான்றிதழ். சட்டமும் விதிகளும் திருத்தப்படுவதுண்டு என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் உள்ளதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சான்றிதழில் 'திருநர்' என்றுதான் இருக்கும். 'ஆண்' என்று வேண்டுமானால் அதே சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி மருத்துவச் சான்றோடு இன்னொரு விண்ணப்பம்.

பலரும் கவனிக்காத ஒன்று: இந்தச் சட்டம் மாற்ற அனுமதிப்பது முதல் பெயரைத்தான். பட்டாச்சார்யா பட்டாச்சார்யாவாகவே இருப்பார்! ஆக, பெயரைப் பறிகொடுப்பதாகக் குடும்பம் பதறத் தேவையில்லை.

வேலை சிக்குவது எழுத்துப் பிழையில். ஆதாரில் ஓர் எழுத்து, பான் அட்டையில் வேறு எழுத்து என்றால் இரண்டும் இணையாது. வங்கிக் கணக்கும் தடுமாறும். உறுதிமொழியில் எழுதிய அதே எழுத்துகளை எல்லாவற்றிலும் வையுங்கள். தேர்தலில் நிற்கும் எண்ணம் இருந்தால் வாக்காளர் பட்டியலைப் படிவம் 8 மூலம் முன்கூட்டியே திருத்துங்கள். 'ஆண்' என்று பதிந்தபின் பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு கிடைக்காது.

கேள்வி: ஹார்மோன் சிகிச்சையை ரகசியமாகத் தொடங்கிவிட்டு, மெதுவாக வீட்டில் சொல்லலாமா?

பதில்: ரகசியம் சில மாதங்கூடத் தாங்காது. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை ஊசியாகப் போட்டால் பெரும்பாலும் முதலாண்டுக்குள்ளேயே குரல் கட்டையாகும். மருந்தை நிறுத்தினாலும் பழைய குரல் திரும்பாது. மேடையில், தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கு இதை மறைக்கவே முடியாது. ஆகவே முதல் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.

உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ தரும் ஊசி வேண்டாம். இந்த ஹார்மோனால் இரத்தச் சிவப்பணு அளவுக்கு மீறி ஏறினால் இரத்தம் கெட்டியாகும். அதனால்தான் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை கேட்பார். மாதவிடாய் நின்றாலும் கர்ப்பம் தரிக்க வாய்ப்புண்டு; இந்த மருந்து கருத்தடை ஆகாது. பிற்காலத்தில் குழந்தை வேண்டும் என்றால் கருமுட்டை சேமிப்பு பற்றித் தொடங்கும் முன்பே கேளுங்கள்.

கேள்வி: கௌரவம் போகிறது என்று 'குணப்படுத்த' மருத்துவரிடம் இழுத்துப் போனால்?

பதில்: மறுத்துவிடுங்கள். அப்படிப்பட்ட சிகிச்சை தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. மாநில மருத்துவ கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். மருந்துச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள்.